காப்பிக் கறைக்கு ஏன் கரை?

மேஜை மேல் ஒரு சொட்டு காப்பி சிந்திவிடுகிறது. உடனே துடைக்க முடிவதில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் கீரைக்காரம்மா கூப்பிடுகிறார். ஒரு மணி நேரம் கழித்துத் துணியோடு வந்தால் சொட்டு காய்ந்து கிடக்கும். அது எப்படிக் காய்ந்திருக்கிறது என்று என்றைக்காவது உற்றுப் பார்த்ததுண்டா, சகோதரிகளே? நடுவில் வெளிறிப் போய், ஓரத்தில் மட்டும் மை தீட்டினாற்போல் கறுப்பாக ஒரு கோடு. புடவைக்குக் கரை போட்ட மாதிரி, கறைக்கும் ஒரு கரை!

டம்ளரின் அடியில் ஒட்டியிருக்கும் காப்பி மேஜையில் போடும் வட்டத்தை நான் சொல்லவில்லை. அது டம்ளரின் அச்சு, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. தானாகச் சிந்திய சொட்டைச் சொல்கிறேன். சிந்தும்போது முழுக்க ஒரே நிறமாகத்தான் இருந்தது. காயும்போது மட்டும் அதிலுள்ள தூள் எல்லாம் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறதே, யார் போகச் சொன்னார்கள்?

இதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 6 பேர் ஆராய்ந்தார்கள். 1997-ல் 'நேச்சர்' என்ற பெயர்பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் அவர்களுடைய விடை வெளியாயிற்று. முதல் பெயர் ராபர்ட் டீகன். இரண்டாவது பெயர் ஓல்கிகா பகாஜின் என்ற ஒரு பெண்மணி. உலகத்தில் முதல் முதல் காப்பி குடித்த நாளிலிருந்து எல்லார் வீட்டிலும் இருந்து வந்த கறைதான். ஆனாலும் காரணம் தெளிவாகத் தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

விடை ரொம்ப எளிது. ஆப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லிசு. சொட்டும் அப்படித்தான். மெல்லிசான ஓரத்தில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். அப்படியானால் சொட்டு ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி உள்ளே வரவேண்டும் அல்லவா? வருவதில்லை. மேஜையின் சொரசொரப்பும், முதலில் அங்கே படிந்த தூளும் சேர்ந்து ஓரத்தை நகர விடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஓரம் அசையாது, அங்கே தண்ணீரும் குறைந்துகொண்டே வருகிறது. குறைந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடுகிற தண்ணீர் சும்மா ஓடுமா? தன்னிடமுள்ள தூளையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஓரத்துக்குப் போனதும் தண்ணீர் பறந்துவிடும், தூளுக்குப் பறக்கத் தெரியாது. சொட்டு முழுக்கக் காய்கிற வரைக்கும் இதே வேலைதான் நடக்கிறது.

இது சரிதானா என்று அவர்கள் சோதித்துப் பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. சொட்டின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, மூடியின் நடுவில் மட்டும் சின்னத் துவாரம் போட்டார்கள். இப்போது ஆவி நடுவழியாகத்தான் வெளியே போகமுடியும், ஓரம் வேகமாகக் காய வழியில்லை. அந்தச் சொட்டில் கரை விழவேயில்லை.

நம் வீட்டிலேயே இன்னொரு வகையில் இதைப் பார்க்கலாம். ஏரித் தண்ணீரோ மழைக் கலங்கலோ ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் காயவிடுங்கள். மிக மெல்லிய களிமண் தூள் ஓரத்தின் கடைசி வரை போய் நிற்கும். கொஞ்சம் பெரிய மணல் துகள் கொஞ்சம் உள்ளே தள்ளியே நின்றுவிடும். ஓரம் ஆப்பு மாதிரிக் குறுகலாக இருப்பதால் பெரியது நுழைய முடிவதில்லை. சல்லடை இல்லாமலே சலித்த மாதிரி!

2011-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் யங்கர் என்பவரும் கூட இருந்தவர்களும் இன்னொன்று கண்டுபிடித்தார்கள். துகள் உருண்டையாக இருந்தால் ஓரத்துக்கு ஓடுகிறது. அதையே இழுத்து நீட்டி அரிசிமணி மாதிரி ஆக்கிவிட்டால் ஓடுவதில்லை. நீளத் துகள்கள் தண்ணீரின் மேல்பரப்புக்கு வந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றுவிடுகின்றன. அதனால் கறை முழுக்க ஒரே சீராகப் படிகிறது. பெயிண்டு, அச்சு மை இவற்றைச் செய்கிறவர்களுக்கு இது பெரிய சங்கதி. அவர்களுடைய சொட்டும் கரை கட்டாமல் காயவேண்டும் அல்லவா?

பாத்திரம் கழுவிய தண்ணீரில் விஞ்ஞானம்

காப்பிச் சொட்டைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற அம்மாளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சொட்டு ஏன் உருண்டு நிற்கிறது, சோப்புப் பட்டதும் ஏன் பரவிவிடுகிறது என்பதெல்லாம் நீரின் மேல்பரப்பு இழுவிசை சம்பந்தப்பட்டது. அந்தச் சாஸ்திரத்துக்கு ஆரம்பகால அஸ்திவாரம் போட்டவர்களில் இந்த அம்மாள் ஒருவர். அவர் அதைச் செய்த இடம் சமையலறை!

1862-ல் பிறந்தவர். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் வாழ்ந்தார். பெண்கள் உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. அந்த நாளில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க மாட்டார்கள். தாய் தகப்பனார் இருவருக்கும் உடம்பு சரியில்லை. சமையல், பாத்திரம் கழுவுவது, பெற்றோரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் இவர் தலையில். தம்பி காலேஜில் பௌதிகம் படித்தார். அவர் அனுப்பிய புத்தகங்களைத்தான் இவர் படித்தார்.

பாத்திரம் கழுவிய தண்ணீரின் மேல் எண்ணெயும் சோப்பும் மிதக்கும்போது நீர்ப்பரப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்து, ஒரு தகரத் தொட்டியும் ஒரு சின்னத் தராசும் வைத்துத் தானே கருவி அமைத்து அளந்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபது வயதுதான். பத்து வருடம் போல யாரும் கண்டுகொள்ளவில்லை. 1891 ஜனவரியில் இங்கிலாந்தில் ராலே பிரபு என்ற பெரிய விஞ்ஞானிக்குத் தன் முடிவுகளைக் கடிதமாக எழுதி அனுப்பினார். ராலே பிரபு பெருந்தன்மை உள்ளவர். அந்தக் கடிதத்தை 'நேச்சர்' பத்திரிகைக்கே அனுப்பி, அதே வருடம் மார்ச் மாதம் வெளிவரச் செய்தார். 1932-ல் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 70. மூன்று வருடம் கழித்துக் காலமானார்.

நம்மில் எத்தனை பேர் தினமும் அந்தத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டிருக்கிறோம்!

மாக்கோலமும் விபூதியும்

இழைக்கோலம் போடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். அரிசியை அரைத்துக் கரைத்து, துணியில் நனைத்து விரலால் இழுக்கும்போது கோடு சரியாகக் கண்ணுக்கே தெரியாது. போட்டு முடித்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பளிச்சென்று வெளுத்து நிற்கும். விபூதியும் அப்படித்தான். குழைத்து இட்டுக்கொள்ளும்போது சாம்பல் நிறம், காய்ந்ததும் வெள்ளை. ஈரமாக இருக்கும்போது துகளுக்கும் துகளுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கிறது. வெளிச்சம் அதன் வழியாகச் சுலபமாகப் புகுந்து போய்விடும். தண்ணீர் போய் அந்த இடத்தில் காற்று வந்ததும், வெளிச்சம் ஒவ்வொரு துகளிலும் பட்டுப் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதும் முதலில் "என்னப்பா, தண்ணியா அடிக்கிறே?" என்று ஆளை அதட்டுவோம். மறுநாள் காலையில் வெள்ளை வெளேர் என்று நிற்கும். சுண்ணாம்பில் மட்டும் இன்னொரு வேலையும் உண்டு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு கல்லாக இறுகுகிறது.

கோலத்துக்கு அரிசி மாவே உகந்தது என்று நம் பெரியவர்கள் வைத்ததற்கு எறும்பும் குருவியும் தின்னட்டும் என்று காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். அரிசியின் மாவுமணி தானியங்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. உருளைக்கிழங்கின் மாவுமணி இதைப்போலப் பல மடங்கு பெரிது. மணி எவ்வளவு சன்னமோ அவ்வளவுக்குக் கோடு சன்னமாக விழும், தரையின் நுண்ணிய பள்ளங்களில் இறங்கி ஒட்டிக்கொள்ளும்.

சாணம் மெழுகிய மண் தரையில் போட்ட மாக்கோலத்தில் காப்பிச் சொட்டைப் போலக் கரை விழாது. தரை தண்ணீரைக் கீழே உறிஞ்சிவிடுகிறது. ஓரத்துக்கு ஓட வேண்டிய அவசியம் தண்ணீருக்கு இல்லை. அதே கோலத்தை வழவழப்பான டைல்ஸ் தரையில் போட்டால், கோடு காய்ந்த பின் இரண்டு ஓரமும் வெளுத்து நடுவில் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. "மாவு சரியில்லை" என்று புலம்புகிறோம். மாவின் மேல் பிழை இல்லை, தரையின் குணம் அது. கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துக்கொண்டால் இது பெருமளவு குறையும்.

துணிக்கு நீலம் போடும்போது

வெள்ளை வேஷ்டிக்கு நீலம் போட்டால் மடிப்பிலும் ஓரத்திலும் திட்டுத் திட்டாக நீலம் கட்டிக்கொள்வதற்கும் இதே குடும்பத்துக் காரணம்தான். பழைய பொடி நீலம் தண்ணீரில் கரைவதே இல்லை, சன்னத் தூளாக மிதக்கிறது, அவ்வளவே. கொடியில் போட்டதும் தண்ணீர் கீழ் ஓரத்துக்கு இறங்குகிறது. காற்றுப் படும் விளிம்பிலும் முனையிலும் நின்று காய்கிறது. வந்த தண்ணீரெல்லாம் நீலத்தை அங்கே இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. பொடியை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீரில் அலசிக் கரைப்பதும், வேஷ்டியைப் போடுவதற்கு முன் ஒரு தரம் நன்றாகக் கலக்கிவிடுவதும், முழுசாக ஒரே முழுக்காக முக்கி எடுப்பதும், பிழிந்து மடிப்பில்லாமல் விரித்துக் காயப்போடுவதும் இதற்காகத்தான். கஞ்சிக்கும் இதே பக்குவம். இப்போது வரும் திரவ நீலத்தில் சாயம் கரைந்தே இருப்பதால் திட்டு குறைவு.

நீலம் என்றதும் எங்கள் ஜில்லாவின் அவுரி ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் தென்னாற்காடு ஜில்லா அவுரிச் சாயத்துக்குப் பேர்போனது. திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் அவுரி பயிரிட்டுச் சாயம் எடுக்கிறார்கள். இலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கக் கலக்க நீலத் தூள் உண்டாகும். அதைத் தெளியவைத்து, அடியில் தங்கிய சேற்றைப் பிழிந்து வில்லையாக வெட்டி நிழலில் மெல்ல உலர்த்துவார்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.

பட்டுப் புடவையில் தண்ணீர்ச் சொட்டுப் பட்டுக் காய்ந்து ஒரு வளையம் தெரிகிறதே, "வெறும் தண்ணிதானே, எப்படிக் கறையாச்சு?" என்று கேட்காத பெண் உண்டா? தண்ணீர் வெறும் தண்ணீர்தான். புடவையில் ஏற்கெனவே இருந்த பசை, தூசு, மிகுந்த சாயம் இவற்றை அது விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடுகிறது. அந்த இடத்தில் மறுபடி சொட்டு வைத்துத் தேய்த்தால் இன்னும் பெரிய வளையம்தான் கிடைக்கும். ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த வெள்ளைத் துணியால் வெளியிலிருந்து உள்ளே ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்து வளையம் தெரிந்துவிட்டதென்றால் வீட்டில் கை வைக்காமல் விஷயம் தெரிந்த சலவைக்காரரிடம் கொடுப்பது நல்லது.

டம்ளரில் வெள்ளை வளையம்

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானதுக்கு வருகிறேன். பிரம்மதேசம் என்றால் "எந்தப் பிரம்மதேசம்?" என்று கேட்பார்கள். மரக்காணம் பக்கம் ஒன்று, செய்யாறு பக்கம் ஒன்று, அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. நான் இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்துக்கு அருகில், பாதாளீசுவரர், பிரம்மபுரீசுவரர் என்று இரண்டு சோழர் காலத்துக் கோயில்கள் உள்ள பிரம்மதேசம். பெயர் எதுவானாலும் போர்த் தண்ணீர் உள்ள ஊர்களில் ஒரு கவலை பொது. எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக வளையம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு ஏடு.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இதைப் பார்த்துப் பார்த்துப் பயந்துபோனார். "டம்ளர்லயே இம்மாம் சுண்ணாம்பு படியுதே, வவுத்துக்குள்ள எம்மாம் படியும்? கல்லுதான் வரும்" என்று சொல்லிச் சொல்லித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். காலையில் ஒரு சொம்பு, மத்தியானம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், அவ்வளவுதான். பகல் முழுக்க வயல் வேலை, சித்திரை வெயில். ஒரு ராத்திரி விலாவிலிருந்து தொடைவரை இழுக்கிற வலி வந்து துடித்துப்போனார். சிறுநீரகத்தில் கல். வைத்தியம் பார்த்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?" என்பதுதான். பதிலைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

எதற்குப் பயந்தாரோ அதையே தேடிப் போய் வாங்கிக்கொண்ட மாதிரி ஆயிற்று. இந்தப் பயம் ஊருக்கு ஊர் இருப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

டம்ளரில் வளையம் படிவதற்குக் காரணம் தண்ணீர் பறந்துபோய்விட்டு, கரைந்திருந்த உப்பை விட்டுச் செல்வதுதான். காப்பித் தூள் தண்ணீரில் மிதந்தது, இது கரைந்திருந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம். ஓரத்தில்தான் முதலில் உப்புச் செறிந்து படிகிறது, ஆகவே இங்கேயும் வளையம். வயிற்றுக்குள் தண்ணீர் அப்படிக் காய்வதில்லை. குடித்த நீரிலுள்ள கால்சியம் சாப்பாட்டிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து போகிறது, வருகிறது.

அளவைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது விரும்பத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஒப்புக்கொள்ளலாம். 200 என்பதை முழுக்கக் கால்சியத்தால் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், லிட்டருக்குக் கால்சியம் 80 மில்லிகிராம்தான். மூன்று லிட்டர் குடித்தால் 240. ஒரு டம்ளர் பசும்பாலிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது! 100 கிராம் கேழ்வரகில் 300-க்கு மேல். கூழ் குடிக்கப் பயப்படாதவர்கள் தண்ணீருக்கு ஏன் பயப்பட வேண்டும்?

கல் பெரும்பாலும் கால்சியமும் ஆக்ஸலேட் என்ற பொருளும் சேர்ந்து உண்டாவது. சிறுநீர் கெட்டியாக, மஞ்சளாக, குறைவாக இருக்கும்போதுதான் அவை ஒன்றுகூடி மணியாக இறுகுகின்றன. தாராளமாகத் தண்ணீர் குடித்தால் மணி கட்டுவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும். நாள் ஒன்றுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்பது கல் வந்தவர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் கணக்கு. நம் வெயிலில் வேர்வையாகப் போவதையும் சேர்த்தால் மூன்று லிட்டருக்குக் குறையக்கூடாது. வயல் வேலை செய்பவர்களுக்கு இன்னும் கூட. கல் வந்துவிட்டதென்று பாலையும் மோரையும் அடியோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. அதுவும் தேவையில்லாதது. சாப்பாட்டிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வெளியேற்ற உதவுகிறது. இருதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் தண்ணீர் அளவை டாக்டரைக் கேட்டே வைத்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரத்து ஏட்டை எடுக்கச் சிரமப்படவேண்டாம். கொஞ்சம் வினிகரோ எலுமிச்சம்பழச் சாறோ ஊற்றி ஊறவைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். டம்ளரைக் கவிழ்த்துவைத்துக் காயவிடாமல் கழுவின கையோடு துடைத்துவிட்டால் வளையமே விழாது. காயும்போதுதானே அது உண்டாகிறது?

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதுதான் அதிகக் கவலை தருவது. கேன் தண்ணீரில் ஒரு சொட்டைக் காயவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. "பாத்தியா, எவ்வளவு சுத்தம்!" என்கிறார்கள். அதில் உப்புக் குறைவு என்பதுதான் அதற்கு அர்த்தம். கேனைச் சரியாகக் கழுவினார்களா, கிருமி இருக்கிறதா என்பதைக் காய்ந்த சொட்டு சொல்லாது. பல்லைப் பழுப்பாக்கி எலும்பை வளைக்கிற ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கைக்குழந்தைகளுக்கு ஆபத்தான நைட்ரேட் 45-ஐத் தாண்டக்கூடாது. இவ்வளவு சொற்ப அளவை எந்தக் கண்ணாலும் ஒரு வளையத்தில் பார்க்க முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃபுளோரைடால் அவதிப்பட்டவர்கள் குடித்த தண்ணீரும் பார்வைக்குப் பளிங்காகத்தான் இருந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கொதிப்பதால் போகாது, தண்ணீர் சுண்டினால் கொஞ்சம் செறிந்தே நிற்கும்.

மரக்காணம் பக்கத்து உறவுக்காரர்களுக்கு வேறு பாடு. கடலோரமாதலால் சில கிணறுகளில் தண்ணீர் கரிக்கிறது. கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டிக் காயவைத்து உப்பு எடுக்கிற ஊர் அல்லவா அது! கரிக்கிற தண்ணீர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. அங்கே வளையத்தைப் பார்க்க வேண்டாம், நாக்கே சொல்லிவிடும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் பல ஊர்க் குழாய்த் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் காயவைத்து, அந்த வளையங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து, எது எந்தத் தண்ணீர் என்று கம்ப்யூட்டரைக் கொண்டு அடையாளம் காண முயன்றிருக்கிறார்கள். 2020-ல் வெளிவந்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மலேரியாவைக்கூட இப்படி வளையத்தை வைத்து மலிவாகக் கண்டுபிடிக்கலாமா என்று பார்த்தார்கள். இவையெல்லாம் ஆராய்ச்சி நிலையில் உள்ளவை. நமக்குச் செய்யக்கூடியது, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்ப்பதுதான். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த 5 பேர் யார் என்று பஞ்சாயத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாரும் இல்லையென்றால் நீங்களே முன்வரலாம், ஆக்னஸ் அம்மாளை நினைத்துக்கொண்டு!

குலுக்கிவிட்டுக் கொடுங்கள்

தூள் கலந்த தண்ணீர் என்றதும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் பொடியாகக் கொடுத்து, ஆறவைத்த வெந்நீர் ஊற்றிக் கலக்கச் சொல்கிறார்களே, அந்த மருந்து பெரும்பாலும் கரைவதில்லை. நீலத்தைப் போல மிதப்பதுதான். நிறுத்தி வைத்தால் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாட்களில் குழந்தைக்குப் போவது பெரும்பாலும் இனிப்புத் தண்ணீர், கடைசி நாட்களில் ஒரே கரண்டியில் அளவுக்கு மீறிய மருந்து. "மருந்து கேக்கலையே" என்று டாக்டரை மாற்றுவதற்கு முன் பாட்டிலை ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்கினோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பாட்டில் வாயில் காய்ந்து கட்டியிருக்கும் வளையத்தையும் துடைத்து மூடுங்கள்.

ஏரியும் முகப்பூச்சும்

கோடையில் எங்கள் பக்கத்து ஏரிகளில் இறங்கினால் தரை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இதுவும் சன்னத் தூள் கலந்த தண்ணீர் காய்ந்த கோலம்தான். மேலேயுள்ள களி காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. கீழேயுள்ளது ஈரமாக ஒட்டிக்கொண்டு சுருங்க விடமாட்டேன் என்கிறது. இழுபறியில் கிழிந்துவிடுகிறது. வண்டல் தடிப்பாக இருந்தால் பாளம் பெரிது, மெல்லிசாக இருந்தால் சிறிது. குட்டையோரத்தில் உள்ளங்கை அளவில் வெடிப்பதும், நடு ஏரியில் முறம் அளவில் வெடிப்பதும் இதனால்தான். முதல் தடவை வெடிக்கிற சேற்றில் ஒரு வெடிப்பு இன்னொன்றைப் பெரும்பாலும் மூலைமட்டமாகப் போய் முட்டும். நனைந்து நனைந்து காய்கிற இடத்தில் மூன்று வெடிப்புகள் ஒரு புள்ளியில் கூடித் தேன்கூட்டின் அறைகளைப் போல ஆகிவிடும்.

வடாம் ஊற்றிக் காயவைக்கிறோமே, ஓரம் மட்டும் சுருண்டு மேலே எழும்புகிறது. மேல் பக்கம் முந்திக் காய்ந்து சுருங்குகிற அதே இழுபறிதான். நாம் வேளை பார்த்துத் திருப்பிப் போட்டு அதைச் சமாதானம் செய்கிறோம்.

முல்தானி மட்டியோ கடலை மாவோ முகத்தில் பூசிக்கொண்டு, நன்றாக வெடித்து உதிரும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள் பெண்கள். "இழுத்துப் பிடிச்சாத்தான் சுருக்கம் போகும்" என்று ஒரு எண்ணம். அங்கே ஏரிக்கரைக் கதைதான் முகத்தில் நடக்கிறது. பூச்சு முழுக்கக் காயும்போது தோலின் ஈரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். உரித்து எடுக்கும்போது தோல் எரியும். விரலால் தொட்டால் ஓரம் காய்ந்து, நடுவில் இன்னும் லேசான பிசுபிசுப்பு இருக்கும்போதே, பத்துப் பதினைந்து நிமிடத்தில், தண்ணீர் தெளித்து இளக்கிக் கழுவிவிட வேண்டும். வறண்ட தோலுள்ளவர்கள் மட்டியோடு கொஞ்சம் தயிர் சேர்த்துக்கொள்வது நல்லது.

பள்ளி விடுமுறையில் "போர் அடிக்குது" என்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை. ஒரு எவர்சில்வர் தட்டின் பாதியில் துளி எண்ணெயைத் தடவித் துடைத்துவிடுங்கள், மறுபாதியை நன்றாக விளக்கிக் காயவையுங்கள். இரண்டிலும் காப்பி டிகாக்ஷன் ஒவ்வொரு சொட்டு. விளக்கிய பாதியில் கரை விழும். எண்ணெய்ப் பாதியில் ஓரத்துக்குப் பிடிப்பு இல்லாததால் சொட்டு சுருங்கிக்கொண்டே வந்து பெரும்பாலும் நடுவில் ஒரு பொட்டாக முடியும். பக்கத்தில் அரிசி மாவுத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், சோப்புக் கலந்த டிகாக்ஷன், கிணற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர் என்று வரிசையாக வைத்து, எது எது எப்படிக் காயும் என்று முன்னாலேயே நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தட்டைச் சமமான இடத்தில் வையுங்கள், எறும்பு வராமல் டிகாக்ஷனில் சர்க்கரை போடாதீர்கள்.